பாடசாலை வரவும் பிள்ளையின் பாதுகாப்பும்

மீள்குடியேறிய பெற்றோரே,

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயமானது. பிள்ளை சுகவீனமுற்று வராதிருந்தால், காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டு வகுப்பாசிரியருக்குக் கொடுத்தனுப்புங்கள்.

நோய் எதுவும் இல்லாமல், "வயிறு நோகுது, பள்ளிக்கூடம் போகமாட்டன்" என்று பிள்ளை அடிக்கடி சொன்னால் ஏசாதீர்கள், ஆறுதலாகக் கேளுங்கள். "முகாம் பிள்ளை" என்று யாரும் கேலி செய்யலாம், அடிக்கலாம், கொப்பியைப் பறிக்கலாம். அதற்காக வீட்டில் நிறுத்தினால் படிப்பை இழப்பது உங்கள் பிள்ளைதான்.

நடந்ததைத் திகதியுடன் குறித்து வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். தீராவிட்டால் அதிபரிடமும், பின்னர் வலயக் கல்வி அலுவலகத்திலும் முறையிடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு இலவசமாக அழைக்கலாம். அந்த இலக்கத்தைப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்.