பழைய ஸ்கார்ப்பியோவுக்குப் பச்சை பெயின்ட்

கேள்வி: 2009-இல் பதிவான ஸ்கார்ப்பியோவை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 15 வருடம் முடிந்து 2024-இல் ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. தினமும் வேலைக்கு இதில்தான் போகிறேன். பெரிய டயர் போட்டு வண்டியை உயர்த்தி, முன்னால் புல் பார், நெற்றியில் எல்.இ.டி. லைட் பார், ராணுவப் பச்சை பெயின்ட் என்று செய்ய ஆசை. "எல்லாம் போல்ட்டில் மாட்டுவதுதானே சார், எஃப்.சி.க்குப் போகும்போது கழற்றிக்கொள்ளலாம்" என்கிறார் மெக்கானிக். சரியா? இன்சூரன்ஸ் பாதிக்குமா?
- வாசகர், தேனி

பதில்: மெக்கானிக்கின் யோசனை எஃப்.சி. நாளுக்கு மட்டும்தான் உதவும். நீங்களோ வண்டியைத் தினமும் எடுக்கிறவர்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுதான் இதில் அடிப்படை. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182A(4) சேர்ந்தது: அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் பட்டியல் நீளமானது.

ராணுவப் பச்சையை இப்போதே மறந்துவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் உரியது, ஆர்.டி.ஓ. நினைத்தாலும் அனுமதிக்க முடியாது. வேறு நிறம் அடிக்கலாம். ஆனால் நிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருப்பதால், முதலில் விண்ணப்பித்து அனுமதி வாங்கிவிட்டு பெயின்ட் கடைக்குப் போங்கள். வண்டிமேல் கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் ஒப்புதலும் வேண்டும்.

புல் பார் விஷயத்தில் எனக்கு அனுதாபமே இல்லை. 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதன்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலில் உங்கள் பம்பர் தப்பிக்கும். எதிரே நடந்துவந்தவர் தப்பிக்க மாட்டார். முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்த விதி 111 தடை போடுகிறது. லைட் பாரும் அந்த வம்பில் மாட்டும். டயரைப் பொறுத்தவரை உங்கள் மாடலுக்குக் கம்பெனி ஒப்புக்கொண்ட அளவைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டும், வேகக் கேமரா காட்டாது. சஸ்பென்ஷனை உயர்த்தும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள்.

சீட் கவர், மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா போன்றவை 52-ஆவது பிரிவில் சிக்காது. தினசரி ஓட்டத்துக்கு உண்மையில் சுகம் தருபவையும் இவைதான்.

இன்சூரன்ஸில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் வண்டியால் வேறொருவர் அடிபட்டால், வண்டியை மாற்றிவிட்டார் என்று சொல்லி மட்டும் கம்பெனி அவருக்கான இழப்பீட்டிலிருந்து எளிதில் நழுவ முடியாது. உங்கள் சொந்தச் சேதத்துக்கான க்ளெய்ம் அப்படியல்ல. சொல்லாமல் செய்த மாற்றத்தைச் சர்வேயர் ரிப்போர்ட்டில் எழுதினால், க்ளெய்ம் குறையலாம், மறுக்கவும் படலாம். அனுமதியோடு செய்த மாற்றத்தைக்கூட எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

முந்தைய உரிமையாளர் ஏதாவது செய்து வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றப்பட்டு ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால், மேற்கொண்டு எதுவும் செய்யுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து அதைச் சரிசெய்யுங்கள். 2029-இல் மறுபடி புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்.