தண்ணீர் நிற்கும் மனையில் தோட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆவடி பருத்திப்பட்டில் எங்களுக்கு ஒரு கிரவுண்டு மனை. பாதியில் வீடு, மீதி 1,200 சதுர அடி காலி. சவுடு கொட்டி மேடாக்கிய இடம். ஓரடி தோண்டினால் களிமண். பெர்மகல்ச்சர் காணொளிகளைப் பார்த்து, குறுக்கே பள்ளம் வெட்டி, கரையில் பப்பாளியும் முருங்கையும் வைத்தோம். மூடாக்கும் போட்டோம். ஐப்பசி மழையில் பப்பாளி மொத்தமும் அழுகிவிட்டது. முருங்கையும் பட்டுப்போனது. இந்த முறை நம்ம ஊருக்கு ஒத்துவராதா?
– வாசகி, ஆவடி

பதில்: முறை ஒத்துவரும். அந்தப் பள்ளம்தான் ஒத்துவராது.

பெர்மகல்ச்சர் என்ற சொல் பிறந்தது ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில். பில் மாலிசனும் அவருடைய மாணவர் டேவிட் ஹோம்கிரனும் 1978-ல் அதைப் பற்றிய முதல் புத்தகத்தை வெளியிட்டார்கள். சம உயரக் கோட்டில் வெட்டும் பள்ளம், சரிவான காய்ந்த நிலத்தில் ஓடிப்போகும் மழைநீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவதற்கான வழி. மேடும் சரிவுமான தெலங்கானா மானாவாரி நிலத்தில் அது அருமையாக வேலை செய்யும். ஆவடியோ தட்டை நிலம். அங்கே தண்ணீர் ஓடுவதில்லை, நிற்கிறது. நிற்கிற இடத்தில் இன்னொரு பள்ளம் வெட்டியதால் குட்டைதான் கிடைத்தது. பப்பாளியின் வேருக்கு மூச்சு முக்கியம். இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலே அழுகத் தொடங்கிவிடும். முருங்கையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்ததையும் நாலே வருட இடைவெளியில் பார்த்தவர்கள் இந்தப் பகுதி மக்கள். ஆகவே இங்கே தோட்டத்துக்கு இரண்டு வேலை: மூன்று மாதம் தண்ணீரை வடிக்க வேண்டும், ஒன்பது மாதம் ஈரத்தைக் காக்க வேண்டும்.

இது புதிய சிக்கல் அல்ல. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து மாதவரம் ரெட்டேரிக்கு என்று உபரிநீர் கலங்கல் தாண்டிப் போகும்படி அமைந்த சங்கிலி இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல் மூன்றும் சேர்ந்த அந்த ஏற்பாடு, வருகிற தண்ணீரை வைத்துக்கொள்ளவும் மிஞ்சியதைச் சேதமில்லாமல் அனுப்பவும் வழி வைத்தது. 1,200 சதுர அடிக்கும் அதே கணக்குதான்.

செய்ய வேண்டியது மேட்டுப்பாத்தி. மூன்றரை அடி அகலம், ஓரடி உயரம். இரண்டு பாத்திகளுக்கு நடுவே ஒன்றரை அடி அகல வடிகால். வடிகாலில் வெட்டிய மண்ணையே பாத்தியில் ஏற்றலாம். வெற்றிலைக் கொடிக்கால்காரர்களும் டெல்டாவின் வாழைக்காரர்களும் தலைமுறைகளாகச் செய்துவருவது இதுதான். எல்லா வடிகாலும் மனையின் தாழ்ந்த மூலைக்கு வரட்டும். அங்கே ஒரு நீர் ஊறும் குழி. ஒரு மழைக்காலம் முழுக்க எந்த மூலையில் தண்ணீர் கடைசியாக வற்றுகிறது என்று பார்த்துக் குறித்துவைத்தவருக்கு இந்த இடத்தைத் தேட வேண்டியதே இல்லை. மழைக்கு முன்பே அவசரப்பட்டுக் குழி எடுப்பவர்கள்தான் இரண்டாம் முறை எடுக்கிறார்கள்.

கூரைத் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு வருடத்தில் விழுவது ஏறக்குறைய 1,30,000 லிட்டர். சேதாரம் போக ஒரு லட்சம் லிட்டர் என்று வைத்தாலும், ஆயிரம் லிட்டர் தொட்டிகள் நூறு வேண்டும். வீட்டில் சேமிக்க முடியாத அளவு இது. ஆகவே ஒரு தொட்டியை நிரப்பிக்கொண்டு, மீதியைக் கிணற்றுக்கோ போர்வெல் அருகிலுள்ள குழிக்கோ அனுப்புவதே சரி. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. பல வீடுகளில் குழாய் இருக்கிறது, குழிதான் தூர்ந்து கிடக்கிறது.

செடிகளைத் தண்ணீரின் உயரம் பார்த்து வைக்க வேண்டும். வடிகால் ஓரத்தில் சேப்பங்கிழங்கு, பொன்னாங்கண்ணி, வல்லாரை. அதற்கு ஒரு படி மேலே வாழை. பாத்தியின் உச்சியில் பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை. குளியலறைத் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகும்படி அந்தக் காலத்துப் புழக்கடையில் வைத்திருந்தார்களே, அதையே இன்று ‘வாழை வட்டம்’ என்று பெர்மகல்ச்சர் வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: வாஷிங் மெஷின் தண்ணீரைக் களிமண்ணில் விடக் கூடாது. சலவைத் தூளில் உள்ள சோடியம் களியை இன்னும் இறுக்கிவிடும்.

மண்ணைத் திருத்த முதல் வருடம் காய்கறியே வேண்டாம் என்பதுதான் நேர்மையான யோசனை. ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடு மழை வரும். அந்த ஈரத்தில் தக்கைப்பூண்டு விதைத்தால் நீர் தேங்கினாலும் தாங்கும், உப்பையும் ஓரளவு தாங்கும். பூக்கும் தருணத்தில், 45 நாள் வாக்கில், வெட்டி மண்ணோடு புரட்டிவிட வேண்டும். நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பரப்பிய பலதானிய விதைப்பும் இதே வகை.

மூடாக்கில் ஒரு வித்தியாசம் உண்டு. குளிர்நாடுகளில் ஒருமுறை போட்டால் வருடக்கணக்கில் கிடக்கும். நம் வெயிலிலும் ஈரத்திலும் சில வாரங்களில் கரைந்துவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும். தண்டிலிருந்தும் வீட்டுச் சுவரிலிருந்தும் தள்ளி. ஒட்டிப் போட்டால் கறையான் வரும். மழை மாதங்களில் மூடாக்கை மெல்லியதாக்கிவிடுவது நல்லது.

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகில் வீடு. போர்வெல் தண்ணீரில் கீரை வளர்த்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: பரிசோதிக்காமல் வேண்டாம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேலான தொழில் அந்த மண்ணில் நடந்திருக்கிறது. அருகிலுள்ள கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது குறித்து மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள்.

ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் காயைவிட இலையில்தான் பொதுவாக அதிகம் சேரும். ஆகவே கவலைப்பட வேண்டியது முதலில் கீரையைப் பற்றித்தான். வழக்கமான மண் பரிசோதனை தழை, மணி, சாம்பல் சத்தையும் அமில காரத் தன்மையையும் உப்பையும் சொல்லும், உலோகத்தைச் சொல்லாது. அதைத் தனியாகக் கேட்டு, மண்ணுக்கும் தண்ணீருக்கும் சேர்த்தே செய்ய வேண்டும். முடிவு வரும் வரை மாடியில் பையில், நம்பிக்கையான இடத்து மண்ணில், மழைநீர் ஊற்றிக் கீரை போடலாம். தென்னை நார்க்கழிவு வாங்கினால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்; அலசாததில் உப்பு இருக்கும். தரையில் அவரை, பீர்க்கு, சுரை மாதிரிப் பந்தல் காய்கள் கீரையைவிடப் பாதுகாப்பு.

கேள்வி: திருமழிசை அருகே 20 சென்ட் இருக்கிறது. உணவுக் காடு வைத்தால் வருமானம் வருமா?
– வாசகர், பூந்தமல்லி

பதில்: முதல் மூன்று வருடம் வராது. மா, சப்போட்டா, நெல்லி எல்லாம் வளர்ந்து காய்க்க அவகாசம் கேட்கும். அந்த மூன்று வருடத்தைத் தாங்குவது கீரைதான். சிறுகீரையும் முளைக்கீரையும் மூன்று நான்கு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். திருநின்றவூர் பக்கம் பாக்கம் கிராமத்தில் ‘நல்லகீரை’ என்ற இயற்கை முயற்சி கீரையை விளைவித்தே சென்னை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து சென்டில் கீரையை வாரம் ஒரு பாத்தியாகச் சுழற்றி, மீதியில் மரங்களை இடைவெளிவிட்டு வையுங்கள். மரத்தின் நிழல் கீரைமேல் விழ ஆரம்பிக்கும்போது மஞ்சள், இஞ்சி, சேனைக்கு மாறலாம். கீரை பறிக்க விடியற்காலையில் ஆள் வேண்டும். அந்த வேலையைக் குடும்பத்தில் யார் செய்வார் என்பது முடிவாகாமல் விதை வாங்க வேண்டாம்.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு வேளாண் அறிவியல் நிலையம் திரூரில் இருக்கிறது, டி.கே.எம். நெல் ரகங்கள் வந்ததும் அந்த ஊர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான். மூன்று வாசகர்களுமே மண் மாதிரி எடுத்துக்கொண்டு ஒருமுறை போய்வரலாம். பல இடங்களில் அரையடி ஆழத்துக்கு ‘வி’ வடிவக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி, ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ எடுத்து நிழலில் உலர்த்துங்கள். எரு போட்ட இடத்திலும் வரப்பிலும் எடுக்காதீர்கள். இதை ஐப்பசி பிறப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மண் காயாது.