மொடெமின் வேகமும் யூனிக்சின் பதினாறு பெயர்களும்

தொலைபேசிக் கம்பி வழியாகக் கணனியும் கணனியும் உரையாடிய காலம் ஏறத்தாழக் கழிந்துவிட்டது. அமெரிக்காவிலே அச்சேவையை நெடுங்காலம் நடத்திய ஏ.ஓ.எல். நிறுவனமும் 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாளுடன் அதனை நிறுத்திற்று. எனினும் பழைய யூனிக்சு இயந்திரமொன்றில் மொடெம் ஏன் மந்தமாயிற்று என்னும் வினாவை நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது வீணன்று. சொல் ஒன்றாயிருக்கப் பொருள் பலவாதலை இலக்கணம் பயின்றோர் அறிவர். அம்மயக்கம் இயந்திரத்தினுள் நேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடத்தை நாம் கண்டிலோம்.

கணனி தரும் இலக்கங்களை ஒலியாக்கிக் கம்பியில் விடுவதும், வரும் ஒலியை மீண்டும் இலக்கமாக்குவதும் மொடெமின் தொழில். ஆதலின் வழி ஒன்றாயினும் வேகம் இரண்டாகும். கணனிக்கும் மொடெமுக்கும் இடையே சிறு வடத்தில் ஓடுவதை உள்வேகம் என்போம். மொடெமிலிருந்து எதிர்முனை மொடெம் வரை ஓடுவதை வெளிவேகம் என்போம். 1994இல் வந்த வி.34 நியமம் வெளிவேகத்தைச் செக்கனுக்கு 28,800 பிட்டாக்கிற்று. 1996இல் அது 33,600 ஆயிற்று. உள்வேகமோ 115,200 வரை செல்ல வல்லது. மொடெம் செய்தியைச் சுருக்கி அனுப்பும் வி.42பிஸ் முறையில் நான்கு மடங்கு வரை சுருக்கம் கூடுமாகையால், உள்வேகம் மிகுந்திருத்தல் வேண்டும்.

இனி, ஒருவர் தம் திரையிலே ‘கனெக்ட் 115200’ என்று காண்கிறார் என்க. மகிழ்கிறார். கோப்போ ஊர்கிறது, தொலைபேசி நிமிடக்கணக்கிற் காசு கறக்கிறது. கம்பியே பழுதென்று அவர் முறையிடுகிறார். அவர் கண்டது உள்வேகம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வி.34 மொடெம் 33,600க்கு மேற்பட்ட எண்ணொன்றைக் காட்டுமாயின் அது கம்பியின் வேகமாதல் இயலாது. ‘ஏ.ரி.டபிள்யு.2’ என்னும் கட்டளையை இட்டால் பல மொடெம்கள் வெளிவேகத்தையே கூறிவிடும்.

மொடெம் இவ்வாறிருக்க, யூனிக்சும் தன் பங்கிற்கு மயக்குகிறது. ‘எஸ்.ரி.ரி.வை.’ என்னும் கட்டளையிட்டு வேகத்தை வினவினால் 38,400 என்கிறது. அவ்வெண்ணின் வரலாறு சுவையானது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்சில் வேகத்தைக் குறிக்கப் பதினாறு பெயர்களே இருந்தன. முதற்பெயர் சுழியம், ‘தொடர்பை அறு’ என்பது அதன் பொருள்! பின்னர் 50, 75, 110 எனத் தொடங்கி 9,600 வரை. எஞ்சிய இரண்டும் புறக் கருவிகளுக்கென விடப்பட்டிருந்து, பிற்காலத்தில் 19,200, 38,400 ஆயின. அத்துடன் ஏடு நிறைந்தது. மொடெம்கள் வளர்ந்தபோது பழைய நிரல்களுக்கு மேலொரு வேகத்தைக் கேட்க வாயில்லை. 1991இல் தோன்றிய லினக்சில் இதற்கொரு தந்திரம் செய்தனர்: நிரல் 38,400 கேட்டால் 115,200 கொடு என்று ‘செற்சீரியல்’ என்னும் கருவியால் முன்னரே பணித்துவைத்தனர். எனவே அவ்விடத்து 38,400 என்பது மெய்யாகவும் இருக்கலாம், முகமூடியாகவும் இருக்கலாம். இயந்திரம் மீளத் தொடங்கும்போது இப்பணிப்பை இடாது விட்டவர் மெய்யான 38,400இலேயே நின்றுவிடுவர்.

உள்வேகத்தை உயர்த்தினாற் போதுமோ எனின், போதாது. 115,200இல் ஓர் எழுத்து ஏறத்தாழ 87 மைக்குரோ செக்கனுக்கு ஒருமுறை வந்து விழும். பழைய 16450 சில்லில் வந்த எழுத்தை வைத்திருக்க ஓரிடமே உண்டு. கணனி வட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கணத்தில் அடுத்த எழுத்து வந்தால் முன்னையது அழியும். 16550ஏ சில்லில் பதினாறிடம் உண்டு. அதுவும் நிரம்பினால் சில யூனிக்சுகள் ‘சைலோ ஓவர்புளோ’ என்று முறையிடும். தானியக் குதிர் வழிந்தது என்பது அதன் பொருள். உழவர் சொல்லொன்று இவ்விடத்து வந்து புகுந்தமை எமக்கு உவப்பே. வழியாதிருக்க, ‘சற்றுப் பொறு’ என்று தனிக்கம்பியிற் சைகை காட்டும் ஆர்.ரி.எஸ்., சி.ரி.எஸ். முறையை மொடெமிலும் யூனிக்சிலும் ஒருங்கே இயக்குதல் வேண்டும். ஒருபுறம் மட்டும் இயக்குவோரே பலர்.

பழுது எப்புறத்ததென அறிதற்கு ஓர் உபாயம் உண்டு. மொடெம்கள் தமக்கிடையே வி.42 முறையிற் பிழை திருத்துவன. அங்ஙனமிருந்தும் எழுத்துகள் கெட்டு வருமாயின், முதலிற் சிறுவடத்தின் பக்கத்தையே ஐயுறுக. பத்து இலட்சம் எழுத்துள்ள, முன்னரே சுருக்கப்பட்ட கோப்பொன்றை வருவித்துக் கடிகாரத்தைப் பார்க்க. சுருக்காத கோப்பு மொடெமின் சுருக்கத்தால் பொய்வேகம் காட்டும். 28,800இல் ஏறத்தாழ ஐந்து நிமிடம் செல்லும். பதினேழு நிமிடம் சென்று எழுத்திழப்பும் பதிவாகியிருப்பின், சில்லையும் சைகையையும் பார்க்க. இழப்பின்றி மந்தமாயின் மொடெமை வெளிவேகம் கேட்க. அது 9,600 என்றோ 12,000 என்றோ சொல்லுமாயின், வீட்டிலுள்ள ஏனைய தொலைபேசிகளைக் கழற்றி, ஒலிவாங்கியைக் காதில் வைத்து இரைச்சல் கேட்கிறதா என்று பார்த்த பின்னரே தொலைபேசிக் காரியாலயத்துக்கு முறைப்பாடு எழுதலாம்.