தீ மூட்டச் சொன்ன பினாங்கு டாக்டர்

போன மாதம் நம் ஞாயிறு வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, கோவிட் நேரத்துல செத்தவங்களுக்குச் சடங்கு முழுசா செய்ய விடலையே, அது பாவம் இல்லையா?" எனக்குச் சட்டுன்னு பதில் வரல. 2021-இல் எங்கள் பாட்டியை மருத்துவமனையிலிருந்து நேராக மின்சுடலைக்குத்தான் கொண்டு போனார்கள். வாய்க்கரிசி போட முடியவில்லை. அப்பா தள்ளி நின்று கும்பிட்டார். அதனால் இந்த மாதப் பாடத்துக்கு நம்ம ஊர்க்காரர் ஒருவரையே எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் வூ லியன் தே, 1879 மார்ச் 10-இல் பினாங்கில் பிறந்தவர். அப்பா நகைத் தொழிலாளி. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கி, 1896-இல் கேம்பிரிட்ஜுக்கு மருத்துவம் படிக்கப் போனார். பிறகு லிவர்பூல், ஜெர்மனி, பாரிஸ் பாஸ்டர் ஆய்வகம் என்று கிருமிகளின் பின்னாலேயே அலைந்தார். பாரிஸில் அவருடைய குரு மெச்னிகோஃப். நம் இரத்த வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கும் என்று காட்டி, 1908-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

இவ்வளவு படித்து வந்தவருக்கு, வெள்ளைக்காரர் இல்லை என்பதால் காலனி மருத்துவச் சேவையில் உரிய பதவி கிடைக்கவில்லை. பினாங்கில் சொந்தமாக வைத்தியம் பார்த்தார், அபினை எதிர்த்தார், பகையும் சம்பாதித்தார். 1908-இல் சீனாவுக்குக் கிளம்பினார்.

1910 டிசம்பர். மஞ்சூரியாவின் ஹார்பினில் கொள்ளைநோய். போனபோது வயது 31. பிளேக் என்றால் எலி, எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். பம்பாய் பிளேக்கில் கற்ற பாடம் அது. ஆனால் ஹார்பினில் எலிகளை அறுத்துப் பார்த்தால் கிருமி இல்லை. இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை வூ அறுத்துப் பார்த்தார் (பிணத்தை அறுப்பதே அங்கே வழக்கத்துக்கு விரோதம்). உள்ளே பிளேக் கிருமி இருந்தது. நோயாளிகள் எல்லாரும் இருமி, இரத்தம் துப்பித்தான் செத்தார்கள். அப்படியென்றால் இது நுரையீரல் பிளேக். மனுஷன் மூச்சில் மனுஷனுக்குப் பரவுகிறது.

தடுக்க அவர் செய்தது ரொம்ப எளிது. இரண்டு அடுக்கு காஸ் துணி, நடுவே பஞ்சு, தலைக்குப் பின்னால் கட்ட நாடா. பொறியியல் மாணவனாக எனக்குப் பிடித்தது அந்த நாடாதான். எவ்வளவு நல்ல வடிகட்டியாக இருந்தாலும், ஓரத்தில் இடைவெளி விட்டால் வேலைக்கு ஆகாது. மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு டாக்டர் இந்த இளைஞன் சொல்வதை ஏற்கவில்லை. முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அதே நோயில் இறந்தார். அதுக்கப்புறம் யாரும் வாதாடவில்லை. ஊரை நான்கு பகுதியாகப் பிரித்தார்கள். ரயில் சரக்குப் பெட்டிகள் தனிமை அறைகளாயின. நம்ம எம்.சி.ஓ.வுக்குத் தாத்தா என்று சொல்லலாம்.

இனிதான் தம்பியின் கேள்வி. நிலம் பனியில் இறுகி, தோண்ட முடியாமல் 2,000-க்கு மேற்பட்ட பிணங்கள் வெளியே கிடந்தன. எரிப்பது ஒன்றே வழி. நமக்குத் தகனம் இயல்பு. அவர்களுக்கோ முன்னோர் உடலை எரிப்பது பெரிய அவமதிப்பு. வூ அந்த வழக்கத்தைக் கேலி பண்ணவில்லை, சும்மா போய்த் தீ வைக்கவும் இல்லை. பேரரசருக்கு எழுதி அனுமதி கேட்டுக் காத்திருந்தார். 1911 ஜனவரி கடைசியில், சீனப் புத்தாண்டு நாட்களில், அனுமதி வந்த பிறகே தீ மூட்டினார்கள். மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் அடங்கியது. எரித்ததால் மட்டும் அடங்கியது என்று நான் சொல்ல மாட்டேன்; முகக்கவசமும் தனிமையும்தான் பெரும்பங்கு என்பது என் எண்ணம். மஞ்சூரியா முழுக்க இறந்தவர்கள் ஏறக்குறைய 60,000 பேர்.

நம் மரபிலும் சந்நியாசியையும் சிறு குழந்தையையும் புதைக்கிறோம். உடலே கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்யும் முறையும் உண்டு. ஆபத்துக் காலத்துக்கு இடம் வைத்துத்தான் பெரியவர்கள் சடங்கை அமைத்திருக்கிறார்கள். தம்பியிடம் இதைத்தான் சொன்னேன்.

வூ 1935-இல் நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1937-இல் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண டாக்டராகவே நோயாளிகளைப் பார்த்தார். 1960 ஜனவரி 21-இல் பினாங்கிலேயே காலமானார்.

தம்பி விடவில்லை. "அப்போ உங்க பாட்டிக்கு எப்ப செஞ்சீங்க?" கட்டுப்பாடு தளர்ந்த பிறகு, அத்தை மாமாக்கள் எல்லாரும் கூடி, பாட்டிக்குப் பிடித்த கேசரியோடு படையல் போட்டோம் என்றேன். வாய்க்கரிசி போட முடியாமல் போனதை அப்பா இன்னும் பேசுவதில்லை.