பட்டா சுத்தம்தான், தண்ணீர் வருமா?

கேள்வி: மண்ணிவாக்கம் பக்கம் ஒரு கிரவுண்ட் மனை பார்த்திருக்கிறோம். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு. வில்லங்கம் இல்லை, பட்டாவும் சரியாக இருக்கிறது. அடையாற்றின் கிளைக் கால்வாய் 200 அடி தள்ளித்தான் ஓடுகிறது. மூன்றடி மண் அடித்துவிட்டால் பயமே இல்லை என்கிறார் தரகர். என் மாமனார் மட்டும் வேண்டாம் என்கிறார். 20 வருட வங்கிக் கடன் போட்டு வாங்கலாமா?
– வாசகி, கிழக்குத் தாம்பரம்

பதில்: உங்கள் மாமனார் ஏன் வேண்டாம் என்கிறார் என்று எழுதவில்லையே! முதலில் அதைக் கேளுங்கள். 2015 சென்னை வெள்ளத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அவர் கண்ணால் பார்த்திருந்தால், அதைவிட நல்ல வரைபடம் இப்போதைக்கு உங்கள் கைக்குக் கிடைப்பது கஷ்டம்.

அந்த நிலம் யாருடையது என்பதைத்தான் பட்டா சொல்லும். புலப்படத்தில் 'ஓடைப் புறம்போக்கு' என்று காட்டியிருப்பது சாதாரண நாளில் தண்ணீர் ஓடும் தடத்தை மட்டும். பெருமழையில் ஓடை கரை தாண்டிப் பரவும் படுகை பெரும்பாலும் பட்டா நிலம்தான். அதனால் ஒரு சென்ட்கூட ஆக்கிரமிப்பு இல்லாத, எல்லாக் கையெழுத்தும் வாங்கிய மனையிலும் இடுப்பளவு தண்ணீர் நிற்கலாம். 2015-ல் பக்கத்து ஊர்களான முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் நடந்தது அதுதான்.

அந்த வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதுதான் காரணம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை பற்றி அப்படிப் பேசலாம். முடிச்சூருக்கு அது பொருந்தாது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகே வந்துதான் அடையாற்றில் சேருகிறது. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்து வந்த தண்ணீர். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பெய்தது. உங்கள் மனையும் இதே வழியில்தான் இருக்கிறது.

200 அடி தூரம் என்பதில் ஆறுதல் அடையாதீர்கள். ஆயிரம் அடிக்கு ஓரடி சரியும் தட்டையான நிலத்தில் நீர்மட்டம் ஓரடி கூடினால், தண்ணீர் பக்கவாட்டில் ஆயிரம் அடி பரவிவிடும். பார்க்க வேண்டியது தூரத்தை அல்ல, மட்டத்தை. வெள்ளப் படுகை வரைபடம் தயாரிப்பவர்கள் செய்வதும் இதுதான். எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர் வரும், அது ஓடையில் எந்த உயரத்துக்கு ஏறும், அந்த உயரத்துக்குக் கீழே இருக்கும் நிலம் எது என்று கணக்கிட்டுக் கோடு போடுகிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவுகளில் சில மீட்டர்கள்வரை பிழை இருக்கும். நம் சமவெளியில் மனை வாங்க அதை நம்ப முடியாது.

அதே வேலையைச் சிறிய அளவில் நீங்களே செய்யலாம். அந்தத் தெருவில் 2015 தண்ணீர்க்கறை இன்னும் தெரியும் சுவரையோ, 'தண்ணீர் இந்த மீட்டர் பெட்டி வரைக்கும் வந்தது' என்று கைவைத்துக் காட்டும் வீட்டுக்காரரையோ தேடுங்கள். ஆட்டோ லெவல் கருவி வைத்திருக்கும் சர்வேயரைக் கூட்டிப்போய், அந்தக் குறியின் மட்டத்தை உங்கள் மனைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இதற்கு அரைநாள் போதும். மனையில் ஒரு கழியை நட்டு அந்த உயரத்தில் கோடு போட்டுப் பார்த்தால், வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு காகிதமும் கேட்டு வாங்குங்கள். மனைப்பிரிவுக்கு நீர்வளத் துறை தடையில்லாச் சான்று கொடுத்திருந்தால், நிலத்தை எவ்வளவு உயரத்துக்கு நிரப்ப வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடும். தண்ணீர் எதுவரை வரும் என்று துறையே எதிர்பார்க்கிறது என்பதற்கு அந்த உயரம் ஒரு சாட்சி. விற்பவர் அந்த நகலைத் தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மண் அடிக்கும் யோசனைக்கு வருகிறேன். ஒரு கிரவுண்டில் மூன்றடி உயர்த்தினால் 7,200 கன அடி. அதாவது இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 17. வெள்ளத்தில் உங்கள் மனையில் நின்றிருக்கக்கூடிய அந்தத் தண்ணீர், மண் அடிக்க வசதியில்லாத பக்கத்து வீட்டுக்குப் போகும். நூறு மனைக்காரர்கள் இதையே செய்தால் ஓடையின் வெள்ள மட்டமே உயரும், உங்கள் மூன்றடியும் போதாமல் போகும். இதற்கு அனுமதி தருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 2008 வழிகாட்டுதல்படி, குடியிருப்புகள் 25 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மருத்துவமனை, மின்நிலையம் போன்றவை 100 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே. 25 ஆண்டு வெள்ளம் என்றால், ஒவ்வோர் ஆண்டும் அது வர 4 சதவீத வாய்ப்பு. உங்கள் 20 வருடக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர 56 சதவீத வாய்ப்பு. அந்த மட்டத்துக்குக் கீழே மனை இருந்தால், வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: ஓடையை ஆழப்படுத்தி இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பினால் பிரச்சினை தீராதா? மக்களை ஏன் வீடு கட்டாதே என்று தடுக்க வேண்டும்?
– வாசகர், பெருங்களத்தூர்

பதில்: சுவர் எழுப்பிய இடத்தில் ஓரளவு தீரும். அந்தத் தண்ணீர் இன்னும் வேகமாகக் கீழே இருப்பவர்கள் மேல் பாயும். தவிர, மேலே உள்ள வயலும் ஏரி உள்வாயும் கட்டடமாக மாற மாற, அதே மழைக்கு அதிகத் தண்ணீர் வரும். இன்றைய கணக்குக்குக் கட்டிய சுவர் பிறகு போதாது.

அமெரிக்காவின் டல்சா நகரம் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1984 மே மாத வெள்ளத்தில் அங்கே 14 பேர் இறந்தார்கள். அடி அதிகம் பட்டது மிங்கோ ஓடைப் பகுதி. அதன்பின் நகராட்சி சுமார் 300 வீடுகளை விலைகொடுத்து வாங்கி அப்புறப்படுத்தியது. மேலே உள்ள நிலம் முழுவதும் கட்டடமாகிவிட்டால் எவ்வளவு தண்ணீர் வருமோ, அந்தக் கணக்கில் வெள்ளக் கோட்டை வரைந்தது. படுகையில் மண் நிரப்புகிறவர் அதற்கு ஈடாக வேறிடத்தில் தோண்டித் தர வேண்டும் என்றும் வைத்தது.

வெள்ளப் படுகைக்கான மாதிரிச் சட்டத்தை மத்திய அரசு 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் போன்ற சில மாநிலங்கள் மட்டுமே சட்டமாக்கின, தமிழ்நாடு ஆக்கவில்லை. சி.எம்.டி.ஏ. தயாரிக்கும் மூன்றாவது முழுமைத் திட்டத்தின் வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது, உங்கள் தெருவில் தண்ணீர் நின்ற உயரம், தேதி, படம் மூன்றையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். பத்துத் தெருக்காரர்கள் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.