தீபாவளிக்கா, பொங்கலுக்கா?

கேள்வி: தீபாவளிக்குள் வீட்டின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிடலாமா? போன முறை அப்படி அடித்ததில் மழைக்குப் பிறகு கொப்புளம் கிளம்பி உரிந்துவிட்டது.
- வாசகி, முத்தாபுதுப்பேட்டை

பதில்: வேண்டாம் அம்மா, தை பிறக்கட்டும். நம் ஆவடிப் பக்கம் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது நினைவிருக்கும். அப்படி நனைந்த சுவர் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். வெயில் பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறப் பார்க்கும். பெயிண்ட் படலம் வழிவிடாதபோது கொப்புளம் கிளம்பும், உப்பும் பூக்கும்.

சோதிக்க ஒரு வழி: ஒரு முழ அளவு பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். புதுப் பூச்சு என்றால் 28 நாளாவது ஆறட்டும்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். காலைப் பனி உலர்ந்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள். மேற்குச் சுவரை முற்பகலிலேயே முடித்துவிட வேண்டும். சுடும் சுவரில் எமல்ஷன் சரியாகப் பிடிப்பதற்குள் காய்ந்து, பிரஷ் தடம் அப்படியே நின்றுவிடும். கத்திரி வெயிலில் வேலை வைக்காததும் அதனால்தான்.

மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் விரிசலை முதலில் அடையுங்கள். பெரும்பாலும் தண்ணீர் இறங்குவது அங்கிருந்துதான்.