கோமாளி மீன்களின் குடும்பச் சண்டை

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை

"ஊட்டியில கடல் மீனா? ஸ்வெட்டர் போட்டு விடுவீங்களா?"

எங்கள் துறை ஆய்வகத்தின் மூலையில் இருக்கும் தொட்டியைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கேட்ட கேள்வி இது. கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். நானும் என் அறை நண்பனும் அந்தத் தொட்டியோடு ஒன்றரை ஆண்டு மல்லுக்கட்டினோம். இந்த ஆண்டோடு எங்கள் படிப்பு முடிகிறது. தொட்டியைத் தம்பிமார்களான உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். நாங்கள் செய்த இரண்டு தவறுகளை நீங்களும் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

எப்படி ஆரம்பித்தது?

இரண்டாம் ஆண்டில் மினி ப்ராஜெக்டாக வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று செய்தோம். அதைச் சோதித்துப் பார்க்க ஏதாவது வேண்டுமே! என் நண்பனின் சொந்த ஊர் மண்டபம் பக்கம். சின்ன வயதில் அங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகத்தில் கோமாளி மீனைப் பார்த்தவன். "அதையே வளர்ப்போம்டா. இந்தக் குளிர்ல அது பொழச்சுதுன்னா நம்ம கருவி பாஸ்" என்றான்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். ஜனவரி இரவில் புல்லில் உறைபனி படியும் ஊர். கோமாளி மீனுக்கோ 26 டிகிரியாவது வேண்டும். எங்கள் தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர், 200 வாட் ஹீட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற ஏறக்குறைய 4200 ஜூல் தேவை. வெப்ப இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், தொட்டி முழுதும் ஒரு டிகிரி ஏற 35 நிமிடம் ஆகும். ஆகவே கரண்ட் போனால் இறங்கிய சூட்டை மீட்பது லேசுப்பட்ட காரியமில்லை. மூன்று பக்கமும் தெர்மோகோல் ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்ட பிறகுதான் நிம்மதி வந்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். சூடான உப்புத் தண்ணீரில் இன்னும் குறைவு. ஏர் பம்ப் நின்றால் ஹீட்டர் நின்றதைவிட முதலில் அடிபடுவது மீனின் மூச்சு. இன்வெர்ட்டரில் முதலில் இணைக்க வேண்டியது ஏர் பம்ப்பைத்தான்.

முதல் தவறு

லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கணக்கில் தண்ணீர் தயாரித்து, பில்டரில் நல்ல பாக்டீரியா வளர ஆறு வாரம் காத்திருந்தோம். பிறகு சென்னையில் ஒரு கடையில், பண்ணையில் பொரித்த மூன்று குஞ்சுகளை வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து நீலகிரி எக்ஸ்பிரஸில் கொண்டு வந்தோம். ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டை கொண்ட ஒசெல்லாரிஸ் வகை. நம் நாட்டில் அந்தமான் கடலில் இருப்பது. மன்னார் வளைகுடாவில் இருப்பது சேபே என்ற வேறு வகை. கறுத்த உடல், மஞ்சள் வால்.

மூன்றும் அச்சில் வார்த்தது போல் ஒரே அளவு. 'சமமாக இருந்தால் சண்டை வராது' என்று நாங்களே பொறுக்கி எடுத்தோம். அதுதான் முதல் தவறு.

மூன்று வாரம் ஒற்றுமையாகத்தான் இருந்தன. பிறகு ஒன்று கொஞ்சம் பெரிதானது. அது இரண்டாவதை விரட்ட, இரண்டாவது மூன்றாவதை விரட்ட, மூன்றாவது விரட்ட ஆளில்லாமல் ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒண்டியது. அதன் துடுப்பு கிழிந்திருந்தது. சாப்பாடு போட்டால் வெளியே வரவில்லை. "பழகிடும்டா" என்று நான்தான் சொன்னேன். நான்காம் நாள் காலையில் அது பில்டர் குழாயில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நண்பன் ஒன்றும் பேசவில்லை. மலர்க் கண்காட்சி சீசனில் ஒரு கடையில் நின்று சம்பாதித்த பணத்தில்தான் அவன் பங்கைக் கொடுத்திருந்தான். பணம் போனதைவிட, 'பழகிடும்' என்ற என் வார்த்தைதான் இன்றும் உறுத்துகிறது.

சண்டைக்குக் காரணம் என்ன?

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தோம். செய்முறைக்குப் பிறகு தியரி!

கோமாளி மீன் கடலில் கடல் சாமந்தியின் கொட்டும் விரல்களுக்கு நடுவே வாழ்கிறது. ஒரு சாமந்தியில் ஒரு குடும்பம். அதில் பெரியது பெண், அடுத்தது ஆண். இந்த இரண்டுதான் தம்பதி. மற்ற சிறியவை ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, வரிசையில் நிற்பவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். வரிசையில் முதலில் நிற்பது ஆணாகும். ஹான்ஸ் பிரிக்கேயும் சிமோன் பிரிக்கேயும் 1977-இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். மற்றவை பெண்ணாக மாறாதபடி தடுப்பது பெரிய மீனின் அதட்டல்தான் என்பது அவர்கள் கண்டது. இந்த மாற்றத்தில் முதலில் மாறுவது மூளை, இனப்பெருக்க உறுப்பு பிறகுதான் என்று 2019-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள்.

பீட்டர் பஸ்டன் என்பவர் பப்புவா நியூகினிக் கடலில் ஆராய்ந்து 2003-இல் எழுதியது இன்னும் ஆச்சரியம். வரிசையில் ஒவ்வொரு மீனும் தனக்கு மேலுள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறியதாகவே இருக்கிறதாம். இரை கிடைத்தாலும் அதற்கு மேல் வளராமல் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. பெரியதற்குச் சமமாக வளர்ந்தால் போட்டி, போட்டியில் தோற்றால் வெளியேற்றம், வெளியே போனால் சாவு. அந்த அளவு வித்தியாசம்தான் குடும்பத்தின் சமாதான ஒப்பந்தம்.

நாங்களோ ஒரே அளவுள்ள மூன்றைத் தேடிப் பிடித்துப் போட்டோம்! ஒப்பந்தம் இல்லாத இடத்தில் யுத்தம் நடந்தது. தோற்றது ஓட வழியில்லாமல் நான்கு கண்ணாடிச் சுவர். இனப்பெருக்கப் பண்ணைகளில் ஜோடி ஜோடியாகத் தனித் தொட்டியில் வைப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது தவறு

மீதி இரண்டும் தேறின. ஒரு நாள் பெரியது பக்கத்தில் வந்தது. சிறியது ஒருக்களித்துச் சாய்ந்து உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. நண்பன் பதறிப் போனான்.

"டேய், குளிர்ல நடுங்குதுடா! தெர்மாமீட்டரைப் பாரு!"

தெர்மாமீட்டர் 26 காட்டியது. "அப்ப பயத்துல நடுங்குது. இதையும் சாக விடணுமா?" என்றான். முதல் அனுபவம் எனக்கும் நினைவில் இருந்தது. சிறியதை எடுத்துத் தனி வாளியில் ஹீட்டர் போட்டு வைத்தோம். பத்து நாள் ராஜ உபசாரம். உடம்பு தேறியது என்று திரும்ப விட்டோம். விட்ட ஐந்தாவது நிமிடம் பெரியது பாய்ந்து கடித்தது. 'டிக் டிக்' என்று சத்தம்கூடக் கேட்டது. அது தாடையைச் சட்டென்று மூடிப் பல்லோடு பல் மோதும் ஓசை என்று 2007-இல் கண்டறிந்திருக்கிறார்கள்.

அந்த நடுக்கம் குளிரும் இல்லை, நோயும் இல்லை. 'நீதான் பெரியவள், நான் போட்டிக்கு வரவில்லை' என்பதை மீன் சொல்லும் முறை அது. அதைப் பார்த்ததும் பெரியது கடிக்காமல் திரும்பிவிடும். நடுங்க ஆரம்பித்தது என்றால் ஜோடி சேர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சண்டை முடிந்த அடையாளத்தைப் பார்த்து, சண்டை என்று நினைத்துப் பிரித்துவிட்டோம். பத்து நாளில் பெரியது தொட்டி முழுவதையும் தன் வீடாக்கிக்கொண்டது. திரும்பி வந்த பழைய துணை அதற்கு அந்நியன்.

இந்த முறை யோசித்துச் செய்தோம். பெரியதை வெளியே எடுத்து வாளிக்கு அனுப்பினோம். கற்களையும் மண் தொட்டியையும் இடம் மாற்றினோம். நான்கு நாள் சிறியது தொட்டியில் பழகியது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு இரவில் பெரியதை விட்டோம். அன்று இருவரும் தூங்கவில்லை. காலையில் இரண்டு விரட்டல், ஒரு நடுக்கம், அவ்வளவுதான். நண்பன் போய் இரண்டு கப் டீ வாங்கி வந்தான்.

சீனியர் - ஜூனியர்

இதைக் கேட்ட விடுதி நண்பர் ஒருவர், "பாத்தியா, மீனுக்கே சீனியர் ஜூனியர் இருக்கு. ராகிங் இயற்கைதான்" என்றார். அவருக்கு அன்று சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன். மீன் நடுங்கினால் பெரிய மீன் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. ராகிங் செய்பவர் நடுக்கத்தைப் பார்த்துத்தானே தொடர்கிறார்? தமிழ்நாட்டில் 1997 முதல் அதைத் தடுக்கச் சட்டமே இருக்கிறது. மீனை வக்கீலாக வைத்துக்கொள்ள முடியாது.

உங்களுக்கு நான்கு வார்த்தை

ஒன்று: எப்போதும் இரண்டு மீன், அதிலும் ஒன்று பெரியது, ஒன்று சிறியது. மூன்றாவது வேண்டாம்.

இரண்டு: விரட்டலைக் கண்டு பயப்படாதீர்கள். துடுப்பு கிழிகிறதா, சாப்பிடுகிறதா, ஒரே மூலையில் ஒண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே பிரியுங்கள். 'பழகிடும்' என்று சொல்லாதீர்கள்.

மூன்று: சாய்ந்து நடுங்கினால் பிரிக்காதீர்கள்.

நான்கு: பிரிக்க நேர்ந்தால் திரும்பச் சேர்க்கும்போது தொட்டியை மாற்றி அடுக்கி, சிறியதை முதலில் விடுங்கள்.

போன டிசம்பரில் மண் தொட்டியின் உட்புறத்தில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் ஒட்டியிருந்தன. விரட்டு வாங்கிய அந்தச் சின்ன மீன்தான் இரவும் பகலும் துடுப்பால் விசிறிக் காத்தது. முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் தெரிந்தன. ஒன்பதாம் நாள் இரவு விளக்கணைத்த பிறகு பொரித்தன. அவற்றுக்குக் கொடுக்க நுண்ணிய உயிர் உணவு எங்களிடம் இல்லை, ஒன்றும் பிழைக்கவில்லை.

அது எங்களால் முடியாமல் போன காரியம். ஜோடி நல்ல நிலையில் இருக்கிறது. கருவியும் ஓடிக்கொண்டிருக்கிறது. மேசை இழுப்பறையில் வெப்பநிலைக் குறிப்பு நோட்டும் இருக்கிறது. குஞ்சுகளை வளர்த்தெடுக்கும் பக்கத்தை அதில் நீங்கள்தான் எழுத வேண்டும்.